பரணில் கிடக்கும் பழைய ரேடியோவை பிளக்கில் செருகாதீர்கள்!

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணின் மூலையில், ஓட்டை அண்டாவுக்குப் பின்னால், கோணி சுற்றிய ஒரு மரப்பெட்டி தட்டுப்படும். பிரித்தால், தாத்தா காலத்து வால்வு ரேடியோ. முன்பக்கம் ஜரிகை மின்னும் துணி. கண்ணாடி டயலில் மெட்ராஸ், டெல்லி, கொழும்பு என்று ஊர்ப் பெயர்கள். 'வேலை செய்யுதான்னு பார்ப்போமே' என்று யாராவது ஒயரை பிளக்கில் செருகுவார்கள். நாற்பது, ஐம்பது வருஷம் பத்திரமாகக் கிடந்த ரேடியோ பெரும்பாலும் சாவது அந்த அரை நிமிஷத்தில்தான்.

பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் போன்ற மீனவ கிராமங்களில் இப்படி ஒரு பெட்டி கிடைத்தால், விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். இருபுறமும் உப்புத் தண்ணீர். கோட்டைக்குப்பத்தின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டையே இன்று புதர் மண்டிய மேடாகிவிட்டது. செங்கல்லையே அரிக்கும் உப்புக் காற்றில் ரேடியோவின் செப்புக் கம்பி எந்த மூலைக்கு?

ஆனால் ரேடியோ மிக அதிகமாகத் தேவைப்பட்டதும் இந்தக் கரைகளில்தான்.

கூண்டு எண் கேட்ட காது

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16-ல். நகரத்து வீடுகளில் ரேடியோ என்றால் கச்சேரி, நாடகம், சினிமாப் பாட்டு. கடற்கரைக் குப்பங்களில் அதோடு இன்னொன்றும் உண்டு. 'மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்' என்ற ஒரு வரி. எந்தத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற அறிவிப்பு. வலையைத் தூக்குவதா, மடித்து வைப்பதா என்பதை அந்த இரண்டு வாக்கியங்கள் முடிவு செய்தன. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையைக் கடந்த புயல், பழவேற்காட்டுக்கு எதிர்க்கரைப் புயல். செல்போன் இல்லாத காலம் அது. 

ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. முறை வந்த நாளில் தொழிலுக்குப் போகாமல் இருந்தால் அன்றைய வருமானம் போச்சு. அதனால் வானிலை என்பது பேச்சுக்குப் பேசும் விஷயமாக இங்கே இருந்ததில்லை.

அந்தக் காலத்து ரேடியோவுக்கு லைசென்ஸ் வேறு வாங்க வேண்டும் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். போஸ்ட் ஆபீஸில் ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டி, பாஸ் புக் போன்ற சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980-களில்தான் அது ஒழிந்தது. சில வீடுகளில் ரேடியோ போய்விட்டது, அந்தப் புத்தகம் மட்டும் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

பின்பக்க அட்டையைக் கழற்றினால் கண்ணாடிக் குப்பிகள் போல நான்கைந்து வால்வுகள் நிற்கும். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் ஒரு சின்ன இழை சூடாகிறது. அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் கிளம்பி, உள்ளேயே இருக்கும் ஓர் உலோகத் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. நடுவில் ஒரு கம்பிவலை. அந்த வலைக்கு மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் கொடுத்தால் போதும், பாயும் மின்சாரம் பெரிய அளவில் ஏறி இறங்கும். மதகுக் கதவை ஒரு விரல் தூக்கினால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் கூடுகிறது, அப்படி. ஆன்டெனாவில் வந்த மெல்லிய சிக்னல் ஸ்பீக்கரை அதிரவைக்கும் அளவுக்கு வளர்வது இப்படித்தான்.

வால்வின் மேல் அச்சிட்ட எழுத்துகள் வெறும் நம்பர் கிடையாது. ஒரு ஜாதகமே அதில் இருக்கிறது. 'ஈ.சி.எச். 81' என்று இருந்தால், முதல் எழுத்து 'ஈ' அதன் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்கிறது. அடுத்த இரண்டு எழுத்துகள் உள்ளே இரண்டு வெவ்வேறு வால்வுகள் ஒரே குப்பியில் இருக்கின்றன என்கின்றன. 8 என்பது ஒன்பது கால் கொண்ட அடித்தளம். முதல் எழுத்து 'டி' என்றால் 1.4 வோல்ட், அதாவது பேட்டரி ரேடியோ. 'யு' என்றால்? அதற்குக் கீழே தனியாக ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

பெங்களூரில் 1954-ல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961-ல் பிலிப்ஸின் தொழில்நுட்பத்தோடு இந்த வால்வுகளை இங்கேயே செய்ய ஆரம்பித்தது. மர்பி, பிலிப்ஸ், புஷ், நேஷனல் எக்கோ என்று அன்றைய ரேடியோக்கள் பலவற்றைத் திறந்தால் 'பெல்' முத்திரை போட்ட வால்வுகள் இருக்கும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, ஐ.சி. வந்தது. வால்வு உற்பத்தி நின்றுபோனது.

பிளக்கில் செருகினால் என்ன ஆகும்?

எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது வால்வை. உண்மையில் வால்வு லேசில் சாவதில்லை. வில்லன், மெழுகு பூசிய காகிதச் சுருட்டு போல இருக்கும் ஒரு சின்ன கண்டென்சர்.

முந்தைய வால்விலிருந்து கடைசி வால்வுக்கு ஒலியை அனுப்புகிற இடத்தில் அது இருக்கும். பெரும்பாலும் 0.01 மைக்ரோ ஃபாரட். ஒரு பக்கம் நூறு வோல்ட் வரை நிற்கும், மறுபக்கம் கடைசி வால்வின் கம்பிவலை. ஒலியை மட்டும் விட்டு, நேர் மின்சாரத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. ஐம்பது வருஷ ஈரம் அந்தக் காகிதத்தில் ஏறினால் தடுப்பு ஒழுக ஆரம்பிக்கும். கம்பிவலைக்குத் தப்பான மின்னழுத்தம் போகும். மதகு முழுசாகத் திறந்துகொள்ளும். கடைசி வால்வு கட்டுக்கடங்காத மின்சாரத்தைக் குடித்துச் சிவக்கும். கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் மயிரிழைக் கம்பி கருகும். ஒரு டீயின் விலைகூட இல்லாத பொருளை மாற்றாததால், எளிதில் கிடைக்காத இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் போய்விடும்.

அடுத்த குற்றவாளி, அலுமினிய டப்பாவில் நிற்கும் பெரிய ஃபில்டர் கண்டென்சர். உள்ளே இருக்கும் ரசாயனக் கூழ் காய்ந்திருந்தால் ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் மட்டும் வரும். ஷார்ட் ஆகியிருந்தால் மெயின் டிரான்ஸ்பார்மரையே எரிக்கும். பழைய டப்பாவில் '50 மைக்ரோ ஃபாரட், 350 வோல்ட்' என்று இருந்தால் இன்று கடையில் கிடைக்கும் 47 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் தாராளமாகப் போதும். 'பெரிசாப் போட்டா நல்லதுதானே' என்று 220 போட்டுவிடக் கூடாது. மின்சாரத்தை நேராக்கித் தரும் ஈ.இசட். 80 போன்ற வால்வுகள் 50-க்கு மேல் தாங்காது.

அதனால் வேலை தெரிந்த மெக்கானிக் முதலில் கையில் எடுப்பது பெயின்ட் பிரஷ். தூசி, கரப்பான் முட்டை, எலி கடித்த ஒயர் எல்லாவற்றையும் பார்த்து முடிப்பார். செல்போனில் நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்வார். ஒரு காலத்தில் நோட்டில் படம் வரைந்த வேலை அது. பிறகு மல்டிமீட்டரால் டிரான்ஸ்பார்மர்களைச் சோதித்து, மேலே சொன்ன கண்டென்சர்களை மாற்றி, அதற்கு அப்புறம்தான் கரண்ட். அதுவும் நேராக இல்லை. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த சீரீஸ் போர்டு வழியாக. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ரேடியோ தப்பிக்கும். லேசாக மினுங்கி அடங்கினால் மேலே போகலாம். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. வீட்டில் கடைசியாக மிஞ்சிய குண்டு பல்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள்.

உயிரோடு விளையாடும் 'யு'

வால்வுப் பெயர்கள் யு.சி.எச்., யு.பி.எஃப்., யு.சி.எல். என்று 'யு'வில் ஆரம்பித்தால், அந்த ரேடியோவில் பெரும்பாலும் மெயின் டிரான்ஸ்பார்மரே இருக்காது. ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் மலிவு மாடல். வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை நேராக இரும்புச் சேசிஸில் இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட். மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும்தான் உங்களுக்கும் அதற்கும் நடுவே. குமிழ் உடைந்து இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால், பாட்டு மாற்றப் போகும் கை திரும்பி வராமல் போகலாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய ரேடியோக்களின் பின்னால் கிராமபோன் இணைப்புக்கு இரண்டு துளைகள் இருக்கும். அதில் செல்போனை இணைத்து, வால்வின் இனிமையில் பாட்டுக் கேட்பது இப்போது சில இளைஞர்களுக்குப் பிடித்த விளையாட்டு. டிரான்ஸ்பார்மர் உள்ள 'ஈ' வகை செட்டில் விவரம் தெரிந்து செய்தால் சரி. 'யு' வகையில் செய்தால் சேசிஸின் மின்சாரம் ஒயர் வழியாகப் போனுக்கும், போன் வழியாகக் காதுக்கும் வரும். வேண்டவே வேண்டாம்.

அணைத்த பிறகும் கண்டென்சரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய மெக்கானிக்குகள் இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஸ்டைல் இல்லை. ஒரு கையில் தொட்டு இன்னொரு கை வழியாக மின்சாரம் நெஞ்சைக் கடக்காமல் இருக்கத்தான்.

கரண்டே இல்லாத ஊரின் ரேடியோ

மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கு என்றே ஒரு வகை இருந்தது. டி.கே. 96, டி.எஃப். 96, டி.ஏ.எஃப். 96, டி.எல். 96 என்ற நான்கு வால்வு கொண்ட பேட்டரி செட். செங்கல் கணக்கில் கனக்கும் ஒரு பேட்டரி பேக், 90 வோல்ட் ஒரு பக்கமும் ஒன்றரை வோல்ட் இன்னொரு பக்கமும் கொடுக்கும். அந்த பேக் இப்போது எங்கும் செய்வதில்லை. 'பேட்டரியே இல்லை, இனி இது ஷோகேஸுக்குத்தான்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

வழி இருக்கிறது. ரிமோட் பொம்மைகளில் போடும் 9 வோல்ட் சதுர பேட்டரிகள் பத்தை வரிசையாக ஒன்றோடு ஒன்று மாட்டினால் 90 வோல்ட். வால்வுகளின் இழைக்கு ஒரு பெரிய டார்ச் செல். நான்கு வால்வுக்கும் சேர்த்து இழைக்குத் தேவைப்படுவது வெறும் 125 மில்லி ஆம்பியர். ஒரு காலத்தில் மூட்டை தூக்கியது போல இருந்த பேட்டரி, இன்று டிபன் பாக்ஸில் அடங்கும்.

ஒரே ஒரு இடத்தில் கை நடுங்கக் கூடாது. 90 வோல்ட் போக வேண்டிய ஒயரைத் தவறி இழைக்குக் கொடுத்துவிட்டால், நான்கு வால்வும் ஒரே நொடியில் பட்டென்று போய்விடும். சத்தம்கூட வராது. வெவ்வேறு நிற ஒயர், வெவ்வேறு வடிவ சாக்கெட், இணைக்கும் முன் மீட்டரில் ஒரு பார்வை என்று மூன்று முறை உறுதிப்படுத்தினாலும் தப்பில்லை.

உப்பு, நூல், முள்

ஏரிக்கரை ரேடியோக்களுக்கென்று தனி நோய்கள் உண்டு. காயில் கம்பிகளில் பச்சைக் களிம்பு. வால்வு சாக்கெட்டின் கால்களில் துரு. ஸ்டேஷன் மாற்றும் கேங் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே உப்புப் பொருக்கு. இது தெரியாமல் 'வால்வு வீக்' என்று தீர்ப்பு எழுதுபவர்கள் அதிகம். வால்வுகளைக் கழற்றி, கால்களைச் சுத்தம் செய்து மறுபடி செருகினாலே உயிர் வரும் செட்டுகள் உண்டு. களிம்பு அரித்து அறுந்த காயில் கம்பியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, மேல்பூச்சைச் சுரண்டி, ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை.

டயல் முள்ளை நகர்த்தும் கயிறு அறுந்திருப்பது இன்னொரு வழக்கமான சங்கதி. கடையில் டயல் கயிறு கேட்டால் சிரிப்பார்கள். குப்பத்துக்காரர்களுக்கு இங்கே பிரச்னையே இல்லை. ஆனால் பளபளக்கும் ஒற்றை நரம்பு எடுக்கக் கூடாது. அது வழுக்கும், வெயிலில் நீளும். பின்னிய நூல்தான் உருளையைப் பிடிக்கும். வலை கட்டுகிற கைக்கு, நூலை எவ்வளவு இழுத்து எங்கே முடிச்சுப் போடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொடவே கூடாத இடமும் ஒன்று இருக்கிறது. சதுர அலுமினிய டப்பாக்களுக்குள் இருக்கும் ஐ.எஃப். காயில்கள். மேலே ஒரு திருகு தெரியும். 'லூஸா இருக்கு, டைட் பண்ணலாம்' என்று ஸ்க்ரூடிரைவரை வைத்தால் முடிந்தது கதை. எந்த ஸ்டேஷனைப் பிடித்தாலும் அதை 455 கிலோ ஹெர்ட்ஸ் போன்ற ஒரே அலைவரிசைக்கு மாற்றி வளர்ப்பதுதான் இந்த ரேடியோக்களின் சூட்சுமம். அந்தச் சுருதியைக் கம்பெனியில் கருவி வைத்து நிறுத்தியிருப்பார்கள். கருவி இல்லாமல் திருப்பினால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

வால்வுக்கு அடுத்து வந்த ஆரம்பகால டிரான்சிஸ்டர் ரேடியோவும் தப்பவில்லை. ஏ.எஃப். 114 முதல் 117 வரையிலான ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுக்கு ஒரு விசித்திர வியாதி. சும்மா வைத்திருந்தாலே உள்பக்க வெள்ளீயப் பூச்சிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத மீன் முள் போன்ற இழைகள் முளைக்கும். வருஷக்கணக்கில் வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் செய்துவிடும். அதற்கு நான்கு கால்கள் இருக்கும். உறைக்குப் போகும் நான்காவது காலை மட்டும் வெட்டிவிட்டால் பல நேரங்களில் ஊமை ரேடியோ பேசும். பொருள் கிடைக்காத காலத்தில் இப்படிப்பட்ட கைவைத்தியம்தான் காப்பாற்றுகிறது.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

கண்டென்சர், ரெசிஸ்டென்ஸ் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவிடலாம். வால்வுதான் தேட வேண்டும். ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுவது போல, ஒரே வால்வுக்கு நாட்டுக்கு நாடு பெயர். ஐரோப்பிய ஈ.சி.எச். 81 அமெரிக்காவில் 6 ஏ.ஜே. 8. ஈ.எல். 84 அங்கே 6 பி.க்யூ. 5. ரஷ்யாவிலும் இவற்றுக்கு இணையானவை உண்டு. இந்த மாற்றுப் பெயர் தெரியாமல் 'கிடைக்கவில்லை' என்று திரும்புபவர்கள் ஏராளம். ஈ.எல். 84 இன்றும் புதிதாகவே தயாராகிறது. ரேடியோவுக்காக இல்லை. எலெக்ட்ரிக் கிடார்காரர்களின் ஆம்ப்ளிஃபயருக்கு அந்த வால்வுதான் வேண்டுமாம். அவர்கள் புண்ணியத்தில் தாத்தாவின் மர்பியும் பாடுகிறது.

டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால் ரீவைண்டிங் கடையில் கட்டித் தருவார்கள். கிழிந்த ஸ்பீக்கர் காகிதத்துக்கு டிஷ்யூ பேப்பரும் ஃபெவிகாலும் போதும். பச்சையாக ஒளிரும் 'மேஜிக் ஐ' மட்டும் மங்கினால் மங்கியதுதான். மாற்று வால்வு தேடுவதைத் தவிர வைத்தியம் இல்லை.

உண்மையான தட்டுப்பாடு ஆளுக்குத்தான். ஐ.டி.ஐ.-களில் ஒரு காலத்தில் 'ரேடியோ அண்ட் டி.வி. மெக்கானிக்' என்றே படிப்பு இருந்தது. அதில் வால்வு படித்த கடைசித் தலைமுறைக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டுகிறது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போங்கள். வேலையை வாங்குவதோடு பக்கத்தில் ஒரு பையனையும் உட்காரவைத்தால் இன்னும் நல்லது. சிலர் உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, காலிப் பெட்டியில் புளூடூத் ஸ்பீக்கரை வைத்துத் தருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். அதற்குப் பழைய பெட்டி எதற்கு, புதுப் பெட்டியே செய்யலாமே!

சரி, எதைக் கேட்பது?

பழைய வால்வு ரேடியோக்களில் பெரும்பாலானவை மீடியம் வேவ், ஷார்ட் வேவ் மட்டும்தான் எடுக்கும். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியதே 1977-ல்தான். சென்னை வானொலியின் 720 கிலோ ஹெர்ட்ஸை மீட்டர் கணக்கு டயலில் தேட வேண்டுமானால் 417-ஐ ஒட்டிப் பாருங்கள். பகலில் இரைச்சல் அதிகமாக இருந்தால் ரேடியோவைத் திட்டாதீர்கள். வீட்டின் எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் கிளப்பும் குப்பைதான் அதில் பாதி. தெரு முழுக்கக் கரண்ட் போன இரவில் மீடியம் வேவ் துல்லியமாக இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, செல்போன் சிக்னலும் விட்டுவிட்டுப் போனது. அப்படிப்பட்ட இரவில் பத்துச் சதுர பேட்டரியில் ஓடும் ரேடியோ அலங்காரப் பொருளாக இருக்காது.

கோட்டைக்குப்பம் போன்ற இடங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ரேடியோவை அரிக்கும் அதே உப்புத் தண்ணீர், மீடியம் வேவ் அலைகளுக்கு மிக நல்ல பாதை. நிலத்தின் மேல் போவதைவிடக் கடலின் மேல் அவை வெகுதூரம் வலுவோடு போகும். பொழுது சாய்ந்தால் வானத்தின் மேலடுக்கிலும் பட்டுத் திரும்பும். இலங்கை வானொலி ஒரு காலத்தில் தமிழகக் கடற்கரையெங்கும் பக்கத்து வீட்டு ரேடியோ போலக் கேட்டதற்கு, அறிவிப்பாளர்களின் தமிழோடு இந்தக் கடலும் ஒரு காரணம். ஆன்டெனாவுக்குப் பத்து மீட்டர் ஒயரைக் கூரையோரமாகக் கட்டுங்கள். இடி மின்னல் நேரத்தில் அதை ரேடியோவிலிருந்து கழற்றிவிட வேண்டும். எர்த் கம்பியை ஏரிக்கரையின் ஈர மண்ணில் அடித்தால் அதைவிட நல்ல எர்த் நகரத்தில் கிடைக்காது. 'யு' வகை செட்டில் மட்டும் சேசிஸோடு எர்த் கம்பியை நேராக இணைக்கக் கூடாது.

சரியான பிறகு துணி போர்த்தி அலமாரியில் பூட்டிவைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். மெயின் செட்டாக இருந்தால் வால்வுகளின் சூடே உள்ளே ஏறிய ஈரத்தை விரட்டிவிடும்.